வான் பாஸ்டனின் கணுக்கால்: ஒரு நிகழ்வு ஆய்வு

1995 ஆகஸ்ட் 18, மிலான் நகரின் சான் சிரோ மைதானம். ஏசி மிலான் அணி யுவென்டஸுடன் ஆடும் கால்பந்து ஆட்டம் தொடங்க இன்னும் சற்று நேரம் இருந்தது. ஜீன்ஸும் மெத்தென்ற தோல் ஜாக்கெட்டும் அணிந்த நெட்டையான ஒருவர் புல்தரையில் இறங்கி, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடினார். ஜனம் எழுந்து நின்றது. அவரைப் பயிற்றுவித்த ஃபாபியோ கபெல்லோ, கறாரானவர் என்று பெயரெடுத்த மனிதர், அழுதுவிட்டார். மார்கோ வான் பாஸ்டன் விடைபெற்ற நாள் அது. அப்போது அவருக்கு வயது 30. கடைசியாக ஒரு போட்டியில் ஆடி இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் என் கண் அவர் முகத்தில் நிற்பதில்லை, காலுக்கே போகிறது. ஓடுகிறார், ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. முழங்காலும் இடுப்பும் அந்த வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டோர் விருதை மூன்று முறை வாங்கிய ஒரு ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் அடிப்பதே வேலையான முன்வரிசை ஆட்டக்காரர், 28 வயதிலேயே ஆட்டத்தை இழந்தது எப்படி?

பொதுவாகச் சொல்லப்படும் பதில் சுருக்கமானது. இத்தாலிய லீகின் டிஃபெண்டர்கள் (தடுப்பாட்டக்காரர்கள்) பின்னாலிருந்து உதைத்து உதைத்தே அவரை முடித்துவிட்டார்கள் என்பார்கள். உதைத்தது உண்மைதான். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது பாதிக் கதை என்று தெரிகிறது. உதைகளுக்கு நடுவே மேசைகளில் எடுக்கப்பட்ட முடிவுகள் இருக்கின்றன. வலிக்கிற காலை வைத்துக்கொண்டு "இந்த ஒரு ஆட்டம் மட்டும்" என்று சொன்ன முடிவுகள். அவற்றில் சில அவருடையவை, பல மற்றவர்களுடையவை. இந்த ஆய்வு அந்த முடிவுகளைப் பற்றியது.

கால் கெடுவதற்கு முன்

1964 அக்டோபர் 31 அன்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணிக்காக அவர் முதலில் களமிறங்கியது 1982 ஏப்ரல் 3, எதிரணி நைமேகனின் என்.இ.சி. மாற்று ஆட்டக்காரராக அவர் உள்ளே வந்தபோது வெளியே போனவர் யோஹான் கிரைஃப். இடம் கொடுத்தவர் ஒரு தலைமுறையின் நாயகன், இடம் பிடித்தவர் 17 வயதுப் பையன். பையன் அன்றே கோல் போட்டான்.

அடுத்த ஐந்து வருடக் கணக்கு இன்றைக்கும் நம்ப முடியாதது. டச்சு லீகில் 133 ஆட்டங்கள், 128 கோல்கள். தொடர்ந்து நான்கு சீசன்களில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். 1985-86 சீசனில் மட்டும் 26 ஆட்டங்களில் 37 கோல். ஐரோப்பாவிலேயே அந்த சீசனில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியும் கிடைத்தது. 1986 நவம்பரில் டென் பாஷ் அணிக்கு எதிராக, கோலுக்கு முதுகைக் காட்டி அந்தரத்தில் படுத்து ஒரு பைசைக்கிள் கிக் அடித்தார். அந்த கோலைத் தேடிப் பாருங்கள். 1 மீட்டர் 88 உயரமுள்ள உடம்பு காற்றில் அவ்வளவு லேசாகச் சுழல்வதைப் பார்த்தால், இத்தாலியர்கள் ஏன் அவரை "உட்ரெக்டின் அன்னம்" என்று அழைத்தார்கள் என்பது புரியும்.

அந்த கோலுக்கும் முதல் காயத்துக்கும் இடையில் ஒரு மாதம்தான்.

முதல் முடிவு: 1986 டிசம்பர்

எதிரணி குரோனிங்கன். இங்கேதான் பொதுக்கதை இடறுகிறது. யாரும் அவரை உதைக்கவில்லை. எதிரணி வீரர் ஒருவர் மீது சறுக்கித் தடுக்கப் போனவர் வான் பாஸ்டனே. அந்த மோதலில் அவருடைய கணுக்கால் போய்விட்டது.

கணுக்கால் மூட்டின் அமைப்பை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கெண்டைக்கால் எலும்புகள் இரண்டும் கீழே சேர்ந்து ஒரு கவ்வி போல நிற்கின்றன. அந்தக் கவ்விக்குள் பாதத்தின் மேல் எலும்பு கச்சிதமாக உட்கார்ந்து முன்னும் பின்னும் அசைகிறது. பக்கவாட்டில் அது நழுவாமல் பிடித்துக்கொள்பவை தசைநார்கள், மைதானத்தில் எல்லோரும் லிகமென்ட் என்பார்களே, அவை. எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க நடுவில் வழுவழுப்பான குருத்தெலும்பு. இந்தக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் இல்லாததால் தேய்ந்தது திரும்ப வளர்வதில்லை. நரம்பு இல்லாததால் தேயும்போது அது வலிப்பதும் இல்லை. வலி தெரியத் தொடங்கும்போது சேதம் பெரும்பாலும் எலும்பையோ சுற்றியுள்ள சவ்வையோ எட்டியிருக்கும். லிகமென்ட் தளர்ந்த ஒரு கணுக்காலில் தினமும் ஓடி, திரும்பி, குதித்து இறங்கினால், எலும்பு கவ்விக்குள் ஒவ்வொரு முறையும் இம்மியளவு நழுவும். அந்த இம்மி பல்லாயிரம் முறை சேர்ந்தால் மேற்பரப்பு பாழ்.

அயாக்ஸில் அன்று நடந்ததை வான் பாஸ்டன் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். ஆடுவதால் கால் இதற்கு மேல் மோசமாகாது, வலியைத் தாங்க முடிந்தால் ஆடலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அப்போது அயாக்ஸின் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, கிரைஃப்தான். அவருடன் ஓர் ஏற்பாடு உருவானது: சில லீக் ஆட்டங்களிலும் பயிற்சிகளிலும் ஓய்வெடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களில் நிற்க வேண்டும். நின்றார். 1987 மே 13 அன்று ஏதென்ஸில் நடந்த, ஐரோப்பிய நாடுகளின் உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற கிளப்புகள் மோதும் கப் வின்னர்ஸ் கோப்பை இறுதியில் லோகோமோடிவ் லைப்சிக்கை அயாக்ஸ் 1-0 என்று வென்றது. அந்த ஒரே கோல் வான் பாஸ்டனின் தலையிலிருந்து வந்தது. கிரைஃபுக்குப் பயிற்சியாளராக அது முதல் ஐரோப்பியக் கோப்பை.

இந்த இடத்தில் எனக்கு மனசு ஆறுவதில்லை. கிரைஃபின் மீது எவ்வளவு மதிப்பு இருந்தாலும், அந்த ஏற்பாட்டின் லாபக் கணக்கையும் நஷ்டக் கணக்கையும் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கோப்பை கிளப்புக்கு, பெயர் பயிற்சியாளருக்கு, தேய்மானம் முழுவதும் 22 வயதுக்காரனுக்கு. "இதற்கு மேல் மோசமாகாது" என்ற வாக்கியத்தின் மேல்தான் எல்லாம் கட்டப்பட்டது, அந்த வாக்கியமோ தவறு. அதைச் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. இன்று ஸ்கேனில் எளிதாகத் தெரியும் குருத்தெலும்புக் காயங்கள் அன்றைய எக்ஸ்-ரேயில் தெரியாது. ஆனால் தெரியாதபோது "தெரியவில்லை, நிறுத்தி வைப்போம்" என்று ஒருவரும் சொல்லவில்லை.

பொற்காலம், வலியோடு

அதே 1987 கோடையில் ஏசி மிலான் அவரை வாங்கியது. அவருடைய நாட்டுக்காரர் ரூட் குலிட்டும் அதே சமயம் வந்தார். அடுத்த வருடம் இன்னொரு டச்சு வீரர் ஃப்ராங்க் ரைகார்ட். மூவரும் சேர்ந்தபின் பயிற்சியாளர் ஆரிகோ சாக்கியின் மிலான் என்னவானது என்பதைக் கால்பந்து பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வான் பாஸ்டனின் முதல் சீசனில் பெரும்பகுதி படுக்கையிலும் ஜிம்மிலும் போனது. நவம்பரில் கணுக்கால் ஆபரேஷன். லீகில் ஆடியது 11 ஆட்டங்கள், அடித்தது 3 கோல். அதில் ஒன்று 1988 மே 1 அன்று, மரடோனாவின் நாபோலியை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று மிலான் வென்ற ஆட்டத்தில் வந்தது. பட்டத்தைத் தீர்மானித்த ஆட்டம் அது.

ஆபரேஷன் முடிந்து ஏழு மாதத்தில் மேற்கு ஜெர்மனியில் நாடுகளுக்கிடையிலான ஐரோப்பியக் கோப்பை. வான் பாஸ்டனின் ஜெர்ஸி எண் 12. முதல் ஆட்டத்தைப் பெஞ்சில் தொடங்கி இரண்டாம் பாதியில்தான் இறங்கினார், சோவியத் யூனியனிடம் நெதர்லாந்து 0-1 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டத்தில் பயிற்சியாளர் ரினுஸ் மிக்கெல்ஸ் அவரைத் தொடக்கத்திலேயே இறக்கினார். இங்கிலாந்துக்கு எதிராக மூன்று கோல். அரையிறுதியில், ஹாம்பர்கில், ஆட்டம் முடிய இரண்டே நிமிடம் இருக்கும்போது ஜெர்மன் டிஃபெண்டர் யுர்கன் கோலரின் நீட்டிய காலுக்கு ஒரு நொடி முந்திப் பந்தைத் தட்டிவிட்டு மேற்கு ஜெர்மனியை வெளியேற்றினார்.

பிறகு ஜூன் 25, முனிச் ஒலிம்பிக் மைதானம், மறுபடியும் சோவியத் யூனியன், 54-வது நிமிடம். இடப்பக்கமிருந்து அர்னால்ட் மூரன் பந்தை உயரத் தூக்கி அனுப்புகிறார். மூரனுக்கு அப்போது 37 வயது. பந்து எல்லோரையும் தாண்டி, பெனால்டி கட்டத்தின் வலது ஓரத்துக்கு, கோல் கோட்டிலிருந்து சில மீட்டரே தள்ளி நிற்கும் வான் பாஸ்டனிடம் இறங்குகிறது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் கோல் ஒரு கீற்று போலத்தான் தெரியும். யாராக இருந்தாலும் பந்தை நிறுத்திவிட்டு உள்ளே வருபவருக்குத் தள்ளிவிடுவார்கள். அவர் நிறுத்தவில்லை. பந்து தரையைத் தொடுமுன் வலது காலால் வாங்கி அடித்தார். உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான ரினாத் தசாயெவின் தலைக்கு மேலாகப் போய், எதிர்ப்பக்க வலையில் இறங்கியது. கேமரா பெஞ்சுக்குப் போகிறது. மிக்கெல்ஸ், 1974-இல் இதே மைதானத்தில் உலகக் கோப்பை இறுதியில் தோற்ற அணியின் பயிற்சியாளர், எழுந்து முகத்தைக் கையால் மூடிக்கொள்கிறார். அவராலும் நம்ப முடியவில்லை. நெதர்லாந்து ஆண்கள் அணி வென்ற ஒரே பெரிய கோப்பை இன்று வரை அதுதான்.

அடுத்த நான்கு வருடங்களை விரைவாகக் கடந்துவிடலாம், கோப்பைகளின் பட்டியல் எங்கும் கிடைக்கும். 1988, 1989, 1992 ஆகிய மூன்று பாலன் டோர் விருதுகள். 1989-இல் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியில் ஸ்டௌவா புக்காரெஸ்ட் மீது இரண்டு கோல், 1990-இல் மீண்டும் கோப்பை. 1991-92 இத்தாலிய லீகில் 25 கோல், அந்த சீசனில் மிலான் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. எல்லாமே வெற்றி என்று சொல்லிவிடவும் முடியாது. 1990 உலகக் கோப்பையில் அவருக்கு ஒரு கோல்கூட இல்லை. 1992-இல் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் டென்மார்க்குக்கு எதிராக அவர் அடித்த பெனால்டியைப் பீட்டர் ஷ்மைக்கேல் பிடித்துவிட்டார்.

அந்த வருடங்களின் டிஃபென்ஸ் முறையையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு ஸ்ட்ரைக்கருக்கு ஒரு காவலாள், ஆட்டம் முழுக்க அவன் முதுகோடு ஒட்டி நிற்பான். பந்து காலுக்கு வரும் நேரத்தில் பின்னாலிருந்து குதிகாலையும் கணுக்காலையும் சேர்த்து வாரிவிடுவது அன்றாடத் தொழில். பல நேரம் மஞ்சள் அட்டைகூட வராது. வான் பாஸ்டனின் ஆட்டமோ கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கித் திரும்புவதில் இருந்தது. அவருடைய கலை எங்கே இருந்ததோ அங்கேயே அடியும் விழுந்தது. ஏற்கெனவே கேடு பிடித்த மூட்டின் மேல் இந்த அடிகள் விழுந்துகொண்டிருந்தன என்பதுதான் சேர்த்துப் படிக்க வேண்டிய விஷயம்.

இரண்டாவது முடிவு: 1992 டிசம்பர்

1992 நவம்பர் 25 அன்று ஸ்வீடனின் யோதெபோரி அணிக்கு எதிராக நான்கு கோல் அடித்தார். கிளப்புகளின் ஐரோப்பியக் கோப்பைக்கு சாம்பியன்ஸ் லீக் என்ற புதுப்பெயர் வந்தபின் ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்த முதல் ஆள் அவர். பதினெட்டு நாள் கழித்து, அன்கோனா அணியுடனான ஆட்டத்தில் கணுக்கால் மறுபடி பிசகியது.

அந்த மாதமே சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஆபரேஷன். மூட்டைத் திறந்து சுத்தம் செய்வதுதான் நோக்கம். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு. திரும்பியபோது ஏப்ரல் ஆகிவிட்டது, கால் பழைய காலாகவும் இல்லை. தேய்ந்த மூட்டைச் சுத்தம் செய்தால் உதிர்ந்த துணுக்குகள் போகும், தற்காலிகமாக வலி குறையலாம். போன குருத்தெலும்பு வராது. நீண்ட ஓய்வு கொடுத்துப் பார்த்திருக்கலாம். ஒரு சீசன் முழுவதும் வெளியே உட்கார வைத்திருக்கலாம். ஆனால் லீக் பட்டமும் ஐரோப்பியக் கோப்பையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வருடம் அது.

மூன்றாவது முடிவு: 1993 மே 26

சாம்பியன்ஸ் லீக் இறுதி, எதிரணி மார்சே. மைதானம், முனிச் ஒலிம்பிக் மைதானம். ஐந்து வருடத்துக்கு முன் பந்து தரையைத் தொடுமுன் அந்த வாலி (volley) அடித்த அதே புல்தரை.

அன்று மிலானிடம் ஆள் பஞ்சம் கிடையாது. வெளிநாட்டு வீரர்களில் மூவரைத்தான் ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதியால் குலிட் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். 1991-இன் பாலன் டோர் வாங்கிய ஜான்-பியேர் பாப்பான் பெஞ்சில் இருந்தார். முழு உடல்நலத்தோடு ஒரு உலகத்தரமான ஸ்ட்ரைக்கர் கையிலிருக்க, நான்கு மாதம் ஆடாமலிருந்து திரும்பிய கணுக்காலைத் தொடக்க அணியில் இறக்கினார்கள். அவரும் ஆடத்தான் விரும்பினார். ஆடாமல் இருக்க விரும்பும் வீரன் எங்கே இருக்கிறான்? அதனால்தான் அந்த முடிவை வீரனிடம் விடக்கூடாது என்கிறேன்.

மார்சேயின் பஸீல் போலி அன்று அவரை நிழல் போலத் தொடர்ந்து, பின்னாலிருந்து இடித்துக்கொண்டே இருந்தார். முதல் பாதி முடியும் நேரத்தில் அதே போலி தலையால் அடித்த கோலில் மார்சே 1-0 என்று வென்றது. 86-வது நிமிடத்தில் வான் பாஸ்டனை வெளியே அழைத்தார்கள். வயது 28. அதற்குப் பிறகு அவர் ஒரு அதிகாரபூர்வ ஆட்டம்கூட ஆடவில்லை. இத்தாலிய லீகில் அவர் கணக்கு 147 ஆட்டம், 90 கோல் என்று நின்றுபோனது. நெதர்லாந்துக்காக 58 ஆட்டம், 24 கோல்.

படுக்கைக்கும் கழிவறைக்கும் இடையே

அடுத்த மாதம் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் இன்னொரு ஆபரேஷன். அதுவும் பலிக்கவில்லை. பிறகு இலிசரோவ் சட்டகம்: காலைச் சுற்றி உலோக வளையங்கள், அவற்றிலிருந்து தோலைத் துளைத்து எலும்புக்குள் போகும் கம்பிகள். கெண்டை எலும்பையும் பாத எலும்பையும் இழுத்துப் பிரித்து, மூட்டுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி உண்டாக்கினால் குருத்தெலும்பு மீண்டும் துளிர்க்கலாம் என்ற நம்பிக்கை.

அந்தக் காலத்து ஓர் இரவைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். நள்ளிரவில் கழிவறைக்குப் போக வேண்டும். காலை ஊன்ற முடியாது. படுக்கையிலிருந்து இறங்கிக் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து போகிறார். வலியை மறக்க நொடிகளை எண்ணுகிறார். எவ்வளவு வேகமாகப் போனாலும் 120-ஐ எண்ணாமல் போய்ச் சேர முடிவதில்லை. கழிவறை வாசற்படியைக் கணுக்கால் படாமல் தாண்டுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். சில வருடம் முன்பு பதினொரு மீட்டர் தூரத்தில் ஒரு நொடி இடைவெளி கிடைத்தால் போதும் என்றிருந்த மனிதர். அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன், அன்று மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

1995 ஆகஸ்ட் 17 அன்று ஓய்வை அறிவித்தார். அடுத்த நாள்தான் அந்த சான் சிரோ சுற்று. 1996-இல் மூட்டை எலும்போடு எலும்பாக இணைத்து அசையாமல் பூட்டிவிட்டார்கள். கணுக்கால் இனி மடங்காது, ஆனால் வலி விட்டது. அதன் பிறகே கோல்ஃப் ஆடவும் சாதாரண மனிதனாக நடக்கவும் முடிந்தது.

என்ன மாறியது

1994 உலகக் கோப்பைக்கு முன் ஃபிஃபா நடுவர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு கொடுத்தது: பின்னாலிருந்து வாரிவிட்டால் சிவப்பு அட்டை. 1998-இல் ஆட்ட விதிகளை வகுக்கும் வாரியம் அதை விதியாகவே எழுதியது. எதிராளியின் உடலுக்கு ஆபத்து விளைவிக்கும் பின்பக்கத் தடுப்பு கடும் தவறு, வெளியேற்றம்தான் தண்டனை. இந்த மாற்றம் வான் பாஸ்டன் ஒருவரால் வந்தது என்று சொல்வது மிகை. ஆனால் அந்த வாதத்தில் எல்லோரும் சுட்டிக்காட்டிய கால் அவருடையது. இன்றைய ஸ்ட்ரைக்கர்கள் 35 வயது தாண்டியும் ஆடுவதில் மருத்துவத்துக்குப் பங்கு உண்டு, இந்த விதிக்கும் பங்கு உண்டு.

பயிற்சியாளராக அவர் வாழ்க்கை மேடும் பள்ளமுமானது. 2004 முதல் 2008 வரை நெதர்லாந்து அணி, பிறகு அயாக்ஸ், ஹேரன்வேன், அல்க்மாரின் ஏ.இசட். 2008 ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலியை 3-0, பிரான்ஸை 4-1 என்று அவர் அணி உடைத்த வாரம் அழகானது. ஆனால் இந்த ஆய்வுக்கு வேண்டியது வேறொரு ஆட்டம். 2006 உலகக் கோப்பை, நியூரம்பெர்க், எதிரணி போர்ச்சுகல், தேதி ஜூன் 25. அந்த வாலிக்குச் சரியாகப் பதினெட்டு வருடம். 16 மஞ்சள் அட்டை, 4 சிவப்பு அட்டை விழுந்த ஆட்டம். தொடக்க நிமிடங்களிலேயே நெதர்லாந்தின் பூலாரூஸ், 21 வயது கிறிஸ்டியானோ ரொனால்டோவின் தொடையில் பூட்ஸை இறக்கினார். ரொனால்டோ முதல் பாதியிலேயே அழுதுகொண்டு வெளியேறினார். கோட்டுக்கு வெளியே டச்சுப் பயிற்சியாளராக நின்றவர் வான் பாஸ்டன். அவர் அதைச் செய்யச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. உதை வாங்கியே ஆட்டத்தை இழந்தவர் என்று உலகம் அறிந்த ஒருவரின் அணியிலிருந்து அந்த உதை வந்தது. ஜெயிக்க வேண்டிய இரவில் நிற்கும்போது எதிராளியின் கால் எவ்வளவு சிறியதாகத் தெரியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட வலிக்கும் சாட்சி இல்லை.

அதற்கு மூன்று மாதம் முன்பு, 2006 மார்ச்சில், பழைய சகா தெமெத்ரியோ அல்பெர்தினியின் பிரிவுபசார ஆட்டத்துக்காக வான் பாஸ்டன் சான் சிரோவுக்குத் திரும்பினார். இந்த முறை ஜாக்கெட் இல்லை, மிலானின் சிவப்பு-கறுப்பு ஜெர்ஸி. வயது 41, பூட்டிய கணுக்கால். முதல் பாதியில் பக்கவாட்டிலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. ஓடிப் போய்த் தலையால் அடித்து கோல் போட்டார்.